கோலத்தில் சொட்டிய எஞ்சின்

என் மனைவி என்னிடம் பெரிதாக எதையும் கேட்டவள் இல்லை. கேட்ட ஒன்றே ஒன்றையும் நான் இருபது வருடம் இழுத்தடித்தேன். ஒரு தடவை விமானத்தில் ஏற வேண்டும், அவ்வளவுதான். விமானப்படையில் எஞ்சின் மெக்கானிக்காகக் குப்பை கொட்டுகிறவனைக் கட்டிக்கொண்டவள் இதைக் கேட்பதில் என்ன தப்பு? எந்த ஊருக்கு மாற்றலானாலும் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, தலைக்கு மேல் போகிறதையெல்லாம் அண்ணாந்து பார்ப்பாள். இது நீங்கள் ரிப்பேர் பார்த்ததா என்று கேட்பாள். ஆமாம் என்பேன். பாதி நாள் அது பொய். ஒருமுறை படைத்தளத்தில் எங்களைக் குடும்பத்தோடு விமானத்தில் ஒரு சுற்று சுற்றிவர ஏற்பாடு செய்திருந்தார்கள். லிஸ்ட் நிரம்பிவிட்டது என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

தொண்ணூறுகளின் நடுவில் புனேயின் லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் ஓய்வு பெற்றேன். ஊருக்குத் திரும்பவில்லை. புனேயின் குளிரும் காய்கறி விற்கும் பாஜி மார்க்கெட்டும் அவளுக்குப் பழகிவிட்டன. எனக்கும் நகருக்கு வெளியே ஒரு சின்ன விமானப் பயிற்சி கிளப்பில் எஞ்சினியர் வேலை கிடைத்தது. இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானங்கள், நான்கு பேர் உட்காரும் ஒன்று, எல்லாவற்றுக்கும் ஒற்றை எஞ்சின், மூக்கில் ஒரு ப்ரொப்பல்லர். ஜெட் எஞ்சின்களைக் கழற்றி மாட்டியவனுக்கு இதெல்லாம் தையல் மிஷின் என்று சேர்ந்த முதல் நாளே விமானம் நிறுத்தும் ஹேங்கரில் சொல்லிவைத்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஹேங்கரில் எங்களுக்குத் தலைமைப் பயிற்சியாளர்தான் எல்லாம். மராட்டியர், ஓய்வுபெற்ற விமானி. வாயால் பேசுவது குறைவு, புருவத்தால் பேசுவது அதிகம். எனக்கு ஜோடியாக வேலை செய்த மெக்கானிக்கும் மராட்டியர், என் வயதுக்காரர். நான் அவரை பாவூ என்பேன், அண்ணா என்று அர்த்தம். அவர் என் மனைவியை வஹினி, அதாவது அண்ணி என்பார். பயிற்சியாளர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எஞ்சினில் வேலை பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன், அதற்குப் பிறகான முதல் பறப்பில் விமானியின் பக்கத்தில் உட்கார வேண்டும். நியாயமான வழக்கம். ஆனால் அந்த நாள் பார்த்து எனக்குக் காது அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் வயிறு சரியிருக்காது. பாவூதான் எனக்குப் பதிலாக ஏறுவார். அவருக்குப் பறப்பது பிடிக்கும், அதனால் கேள்வி கேட்டதில்லை.

இந்த நிலையில் எங்கள் பெண் கோயம்புத்தூரில் மாசமாக இருந்தாள். பிரசவத்துக்காக என் மனைவி தீபாவளி முடிந்த மறுநாள் ரயிலேற வேண்டும், திரும்பிவர ஆறு மாதமாவது ஆகும். அதைக் கேள்விப்பட்ட பயிற்சியாளர், தசராவுக்கும் தீபாவளிக்கும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஒரு சுற்று கூட்டிப்போகிறேன் என்று தானாகவே சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் பாவூ இதைப் போனில் வஹினியிடம் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே அவள் எஸ்டிடி பூத்துக்குப் போய்ப் பெண்ணுக்கும் சம்பந்திக்கும் தங்கைக்கும் சொல்லி முடித்தாள். புனேயின் மறுகோடியில் நிக்டியில் இருக்கும் என் மச்சினன் வீடு வரைக்கும் சேதி போய்விட்டது. இனி காதை அடைத்துப் பிரயோஜனமில்லை.

ஆயுதபூஜை வந்தது. அதே நாளில் மராட்டியர்களுக்குக் கண்டே நவமி, அவர்களும் ஆயுதத்தைத்தான் கும்பிடுகிறார்கள், அதனால் ஹேங்கரில் சண்டை சச்சரவு இல்லை. பாவூ சாமந்தி மாலை வாங்கி வந்தார். என் மனைவி சுண்டல், பொரி, சந்தனம், கோலமாவு எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு என் ஸ்கூட்டரில் வந்தாள். ப்ரொப்பல்லருக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். அவளை ஏற்றிப்போகப் போகும் விமானம் என்பதால் அதற்கு மட்டும் இரண்டு மாலை. தேங்காயை ப்ரொப்பல்லருக்கு எத்தனை அடி தள்ளி உடைக்க வேண்டும் என்று பயிற்சியாளர் வந்து கோடு போட்டுக் காட்டினார்.

விமானத்தின் மூக்குக்குக் கீழே அவள் பதினைந்து புள்ளிக் கோலம் போட்டாள். போட்டு நிமிர்வதற்குள் அதன் நடுவில் பொட்டென்று ஒரு கறுப்புச் சொட்டு விழுந்தது. மூக்குக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாயிலிருந்து எண்ணெய். அழித்துப் போட்டாள், மறுபடி சொட்டியது. என்னைக் கூப்பிட்டு முறையிட்டாள். எஞ்சின் என்றால் சொட்டத்தான் செய்யும் என்று ஒரு பெரிய மனிதனுக்குரிய குரலில் சொல்லிவிட்டு, சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம் தேடிப் போனேன். திரும்பி வந்தபோது கோலம் பளிச்சென்று இருந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

பூஜை முடிந்து நானே பொறுப்பாக எல்லாவற்றையும் சுத்தம் செய்தேன். சந்தனத்தைத் துடைத்தேன். காற்று போகும் வாயில் விழுந்திருந்த சாமந்தி இதழ்களை ஒன்றுவிடாமல் பொறுக்கினேன். அவளுக்காக இவ்வளவு பார்க்கிறேனே என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

மறுநாள் தசரா விடுமுறை. அதற்கடுத்த நாள் ஒரு மாணவனோடு மேலே போன பயிற்சியாளர் சீக்கிரமே திரும்பிவிட்டார். முன்கண்ணாடி முழுக்க எண்ணெய். பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பார்த்து இறக்கியிருக்கிறார். இறங்கியதும் என்னைப் பார்த்து ஒற்றைப் புருவத்தை உயர்த்தினார். எனக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. ஆயில் சீல்.

எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் ஷாப்ட் மூக்கு வழியாக வெளியே வந்து ப்ரொப்பல்லரைத் தாங்குகிறது. அது வெளியே வரும் இடத்தில் எண்ணெய் கசியாமல் சுற்றிப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு ரப்பர் வளையம், அதுதான் சீல். வயசானால் கசியும். புதியது மாட்டுவது ஒரு நாள் வேலை. அப்படித்தான் பயிற்சியாளரிடம் சொன்னேன், வீட்டிலும் சொன்னேன்.

மும்பையிலிருந்து சீல் வந்தது. ப்ரொப்பல்லரைக் கழற்றிப் பழைய சீலை நெம்பி எடுத்து, இடத்தைத் துடைத்துக் காயவிட்டோம். அதற்குப் பிறகுதான் சங்கடம். ப்ரொப்பல்லரைப் பிடிப்பதற்காக ஷாப்டின் நுனியில் ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. சீலோ வெட்டில்லாத முழு வளையம், தட்டைவிடச் சின்னது. வளையல்காரர் பெரிய கையில் சின்ன வளையலை ஏற்றுவது மாதிரி இழுத்து, நீவி, கெஞ்சி ஏற்ற வேண்டும். வெந்நீரில் போட்டால் ரப்பர் இளகும். ஹேங்கரில் வெந்நீர் என்றால் டீக் கெட்டில்தான். பாவூ ஒரு பக்கம் அழுத்திப் பிடிக்க நான் மறுபக்கம் இழுத்தேன். கடைசி அரை அங்குலத்தில் வளையம் துள்ளிக்கொண்டு போய் அவர் நெற்றியில் அடித்தது. மறுபடி வெந்நீர், மறுபடி இழுப்பு. மத்தியானத்துக்கு மேல் ஒருவழியாக ஏறி உட்கார்ந்தது. பசை தடவி ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் ப்ரொப்பல்லரை மாட்டி முறுக்கி, போல்ட் கழன்றுவிடாமல் லாக் வயர் கட்டினேன். தரையில் ஓடவிட்டுப் பார்த்ததில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அன்று குடித்த டீயில்தான் ரப்பர் வாசனை.

ஞாயிற்றுக்கிழமை அவள் பட்டுச்சேலையில் வந்தாள். விமானத்தில் ஏற யாராவது பட்டுக் கட்டுவார்களா என்று கேட்டேன். கல்யாணத்துக்கு மட்டும்தான் கட்டணுமா என்று திருப்பிக் கேட்டாள். முதலில் சோதனைப் பறப்பு. எனக்குக் காது அடைத்திருந்ததால் பாவூ ஏறினார். பத்தே நிமிடத்தில் முன்கண்ணாடியில் எண்ணெயோடு வந்து இறங்கினார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினாள். வழியில் காலனிக்காரர் ஒருவர் கைகாட்டி நிறுத்தி, மேலேயிருந்து எங்கள் வீடு தெரிந்ததா என்று வேறு கேட்டுத் தொலைத்தார்.

இரண்டாவது சீலுக்கு நான் காட்டிய ஆர்ப்பாட்டம் கொஞ்சமில்லை. சீல் அனுப்பிய கடைக்காரனைத் திட்டினேன். பசை மட்டம் என்றேன். பாவூ இழுத்த இழுப்பில் ரப்பர் கிழிந்திருக்கும் என்றேன். பாவம் அந்த மனிதர், நெற்றி வீங்கியிருக்க நான் போட்ட கூச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றார். இரண்டாவதும் மேலே போனதும் கசிந்தது. தரையில் சமர்த்தாக இருக்கும், பறந்தால் ஒழுகும். அவள் மறுபடி பட்டுச்சேலையோடு வந்து மறுபடி திரும்பிப் போனாள். இந்தத் தடவை சேலைப் பேச்சை நான் எடுக்கவில்லை.

பயிற்சியாளர் கூப்பிட்டனுப்பினார். இன்னும் ஒரே ஒரு சீல், அதுவும் கசிந்தால் எஞ்சினை மொத்தமாக இறக்கி வெளியூர் பட்டறைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். போனால் திரும்பிவர மூன்று மாதம். கிளப்பின் மற்ற விமானங்கள் இரண்டு பேர் மட்டும் உட்காருகிறவை, பயிற்சி மாணவர்களுக்கே போதவில்லை. அவள் ரயிலுக்கு ஐந்து நாள் இருந்தது. வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பாவூ போனில் சொல்லிவிட்டார்.

மூன்றாவது சீல் மாட்டும் நாளில் நான் வீட்டுக்குச் சாப்பிட வரமாட்டேன் என்று தெரிந்து, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்துவிட்டாள். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கெட்டிலில் சீல் வேகிறதை வேடிக்கை பார்த்தாள். நானும் பாவூவும் வளையத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆறுதலாகச் சொல்கிற தொனியில் சொன்னாள்:

"ஒரு ஒழுக்கை நிறுத்த உங்களுக்கு மூணு வளையம் ஆகுது. நான் ஒரு துண்டுத் துணியில நிறுத்திட்டேன்லா."

"எதை?"

"அதான், என் கோலத்துல சொட்டுச்சே, அந்தக் குழாயை. அன்னையில இருந்து ஒரு சொட்டு விழுந்திருக்கா பாருங்க."

கையிலிருந்த வளையத்தை விட்டுவிட்டேன். அது எங்கே போய் விழுந்ததென்று பார்க்கவில்லை.

அந்தக் குழாய்க்கு ப்ரீதர் என்று பெயர். எஞ்சின் மூச்சுவிடும் குழாய். உள்ளே சேரும் காற்றும் ஆவியும் அது வழியாகத்தான் வெளியே போக வேண்டும். போகிறபோது கொஞ்சம் எண்ணெய் சொட்டும், அது ஆரோக்கியம். அதை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, வேறு வழியில்லாமல் எண்ணெய் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சீல் கசிந்தால் முதலில் ப்ரீதரைப் பார் என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறவனே நான்தான். நான் பார்க்காமலும் இல்லை. மேல்முனையில் இணைப்பைத் தொட்டுப் பார்த்தேன். கீழ்முனை காய்ந்து சுத்தமாக இருந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லாததைப் பார்த்து, இந்த இடமாவது ஒழுங்காக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

படுத்துக்கொண்டு இடுக்கியை விட்டு இழுத்தேன். வந்தது, வந்துகொண்டே இருந்தது. முக்கால் முழம் இருக்கும். கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி நன்றாகவே திணித்திருக்கிறாள். எண்ணெயில் ஊறியும் நிறம் தெரிந்தது, கிளிப்பச்சை. பாவூ துணியைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளின் கிளிப்பச்சை ரவிக்கையைப் பார்த்தார். அப்புறம் கெட்டிலை எடுத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று மராத்தியில் முணுமுணுத்தபடி வெளியே போய்விட்டார். கெட்டிலில் தண்ணீர் நிறையவே இருந்தது.

ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். எனக்கு வாய் நீளம், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் பார்த்து மனசில் வேறொன்று ஓடியது. சோதனைப் பறப்பில் கசியாமல், அவள் ஏறிய பிறகு சீல் மொத்தமாகப் பிதுங்கியிருந்தால்? எண்ணெய் முழுக்க வெளியேறி எஞ்சின் இறுகியிருக்கும். பட்டுச்சேலையோடு பக்கத்து சீட்டில் அவள். துணியைக் கீழே வைத்துவிட்டேன். அது எஞ்சின் மூச்சுவிடும் குழாய் என்று மட்டும் அவளிடம் மெதுவாகச் சொன்னேன்.

அவள் துணியையும் குழாயையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்போ மூக்கை அடைச்சுட்டேன். பாவூவும் அந்த சாரும் ரெண்டு தடவை அதுல மேல போனாகளே." ஸ்டூலை விட்டு எழுந்து, "நான் ஏறல. எனக்கு வேண்டாம்" என்றாள்.

பயிற்சியாளர் வந்தார். துணி யார் வேலை என்று கேட்டார். வைத்தது என் வீட்டுக்காரி, பார்க்காமல் விட்டது நான், சம்பளம் வாங்குவதும் நான் என்று ஹிந்தியில் சொன்னேன். முதல் தடவையாக இரண்டு புருவமும் ஒன்றாக உயர்ந்தன. விமானத்தின் பதிவேடான லாக் புக்கில் இதை அப்படியே எழுதச் சொன்னார். எழுதினேன். அவளுடைய கோலத்தைப் பற்றி எழுதவில்லை. ப்ரீதரில் துணி இருந்தது, பூஜைக்குப் பிறகான பரிசோதனையில் கவனிக்கத் தவறினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு பாவூவிடம் போய், இரண்டு வாரமாகக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

போகிறபோது பயிற்சியாளர் திரும்பி நின்று ஒன்று சொன்னார். நாளைக்கு முதல் பறப்பில் பாவூ வேண்டாம், கையெழுத்துப் போட்டவன் வரட்டும், காது எப்படி இருந்தாலும் சரி. என்ன சொல்கிறார் என்று அவள் கேட்டாள். சொன்னேன்.

"நீங்க ஏறி இறங்குங்க. அப்புறம் நான் சொல்லுதேன்" என்றாள்.

அன்றே மூன்றாவது சீலை ஏற்றி ராத்திரி காயவிட்டோம். மறுநாள் காலையில் ப்ரொப்பல்லரை மாட்டிவிட்டு ஏறினேன். இத்தனை பேச்சு பேசியவன் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம். காதும் இல்லை, வயிறும் இல்லை, சுத்தமான பயம். எஞ்சினுக்குள் என்னென்ன உடையலாம் என்று இவ்வளவு விவரமாகத் தெரிந்தவனுக்கு வேறு என்ன வரும்? இருபது வருடச் சர்வீஸில் தட்டிக்கழிக்க முடிந்த ஒவ்வொரு பறப்பையும் தட்டிக்கழித்தவன் நான். விமானம் தரையை விட்டதும் கண்ணை மூடினேன். பத்து நிமிடம் என்றார்கள். புனே எந்தப் பக்கம் இருந்தது, ஆறு எங்கே ஓடியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தேன், அப்போது என் முழங்கால் தெரிந்தது. முன்கண்ணாடி கடைசி வரை சுத்தமாக இருந்ததென்று பயிற்சியாளர் சொல்லித்தான் தெரியும்.

இறங்கி ஹேங்கர் பக்கம் நடந்தேன். வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஏறல என்று சொன்னவள், பட்டுச்சேலையில்தான் வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து வருடம் பார்த்த முகம், அவளிடம் எதை மறைப்பது?

"இம்புட்டு நாளும் பயந்துக்கிட்டா இருந்திய?"

காது அடைப்பு என்றேன்.

"அப்போ அன்னைக்கு லிஸ்ட் நிரம்பிட்டுன்னு வந்து சொன்னது?"

லிஸ்ட் நிரம்பியிருக்கவில்லை. குடும்பத்தைக் கூட்டி வருகிறவனும் சேர்ந்து ஏற வேண்டும் என்றிருந்தார்கள், அதனால் எங்கள் பெயரை நான் கொடுக்கவே இல்லை. இதை நான் அவளிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், அதுவே போதுமானதாக இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அரிசி களையப் போனவளின் முதுகு ஞாபகம் வந்தது.

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். பாவூ கைகொடுக்க, பயிற்சியாளரின் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பிராயச்சித்தமாக நானும் பின் சீட்டில் ஏறப் படியில் கால் வைத்தேன்.

"நீங்க வர வேண்டாம். கீழ நில்லுங்க. வந்த பெறவு அந்தக் குழாய் சொட்டுதான்னு பாக்க ஒரு ஆள் வேணும்லா."

நின்றேன். விமானம் ஓடி, எழும்பி, மலைப்பக்கமாகத் திரும்பிச் சின்னதாகிப் போனது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் ஆயிற்று, பதினைந்தாயிற்று. அரைமணி ஆகியும் வரவில்லை. நான் நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தேன். பாவூ மட்டும் பக்கத்தில் நின்று நிம்மதியாகச் சுண்ணாம்பு தடவிப் புகையிலை கசக்கினார். பிறகுதான் தெரிந்தது, பயிற்சியாளர் திரும்பலாமா என்று கேட்டபோதெல்லாம் இவள் இன்னொரு சுற்று என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

இறங்கி வந்தாள். தலைமுடி கலைந்திருந்தது. மேலே என்ன பார்த்தாய், பிடித்திருந்ததா என்று நான் கேட்பதற்குள் குனிந்து மூக்குக்கு அடியில் பார்த்தாள். தரையில் பொட்டென்று ஒரு சொட்டு விழுந்தது.

"சொட்டுது" என்றேன்.

தலையாட்டிவிட்டுச் சேலையை உதறிச் சரிசெய்தாள்.

"பேரன் பொறந்து நான் திரும்பி வந்த பெறவு, அந்த சார்ட்ட சொல்லி இன்னொரு தடவைக்கு லிஸ்ட்ல என் பேரை எழுதி வையுங்க. உங்க பேரு வேண்டாம்."